ஓடாத வண்டியின் வேகம்

ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி ஒன்று ஓடாமலே இருந்தது. அது இருந்த ஊர் கோயம்புத்தூர், இருந்த வீடு பீளமேட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தெருவில் தெய்வசிகாமணி கட்டிய வீடு, அந்த வீட்டில் மனிதர் இருக்க மூன்று அறையும் வண்டிகள் இருக்கக் கல்யாண மண்டபம் மாதிரி ஒரு கேரேஜும் இருந்தன, மழை வந்தால் மனிதர் இருக்கும் பக்கம் ஒழுகும், கேரேஜில் ஒரு சொட்டு இறங்காது. அவர் மனைவி பூங்கோதை இதைப் பற்றிப் பேசுவதைக் கல்யாணமான இரண்டாம் வருடமே நிறுத்திவிட்டாள். குடிக்கிறவனுக்கும் சீட்டாடுகிறவனுக்கும் வாக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நாம் பழைய ரேஸ் காரைத் துடைக்கிறவனுக்கு வாக்கப்பட்டோம், இது எவ்வளவோ தேவலை என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிற பெண் அவள்.

தெய்வசிகாமணிக்குத் தண்ணீர் மோட்டார் செய்கிற பட்டறை. பட்டறையில் சம்பாதித்ததெல்லாம் கேரேஜில் போய் நின்றது. எட்டு வண்டிகள், எட்டும் இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்திருக்கிற, கதவைத் திறந்து உள்ளே போவதற்கு இடுப்பை மூன்றாக மடிக்க வேண்டிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். ஊரில் இவரைப் போலவே வீட்டோடு கேரேஜ் கட்டி வைத்திருந்த இருபது பேர் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு அவிநாசி ரோட்டில் உறுமிக்கொண்டே போய், ஏதோ ஒரு ஓட்டலில் இட்லி தின்றுவிட்டு, உறுமிக்கொண்டே திரும்பி வருவார்கள். இட்லி தின்ன இத்தனை சத்தமா என்று கேட்ட பெண்டாட்டிகளுக்கு அவர்கள் இதுவரை பதில் சொன்னதில்லை.

ஏழு வண்டிகள் இப்படி முறை வைத்து வெளியே போய் வந்தன. எட்டாவது போகவில்லை. அதன் பெயர் செவலை, காங்கேயம் பக்கத்துச் செவலைக் காளையின் நிறம் என்று தெய்வசிகாமணி வைத்த பெயர். இத்தாலிக்காரர்கள் செய்து கப்பலில் அனுப்பிய அந்த வண்டியை அந்தக் காலத்து மில் முதலாளி ஒருவர் கொச்சியிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, மில் காம்பவுண்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நாற்பத்தொரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, ரோட்டுக்குப் போனால் மாட்டு வண்டிக்காரன் இடித்துவிடுவான் என்று பயந்து, போர்வை போட்டு மூடிவிட்டுச் செத்தும் போனார். பல கை மாறி தெய்வசிகாமணியிடம் வந்தபோதும் மீட்டரில் அதே நாற்பத்தொன்று. உலகத்தில் இந்த வகை வண்டி பத்தோ பன்னிரண்டோதான் மிச்சம், அதிலும் இத்தனை குறைவாக ஓடியது இது ஒன்றுதான் என்று அவர் வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார். முள் எழுந்தால் இருநூற்று எண்பது வரை போகும், ஆனால் அவரிடம் வந்த பிறகு முள் எழுந்ததே இல்லை. வண்டியை நாலு ஸ்டாண்டின் மேல் தூக்கி நிறுத்தி, டயர் தரையில் படாமல், பழைய மல்லு வேட்டியைக் கிழித்துத் தினமும் துடைத்தார். மகள் மகிழினி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, தொட்டிலில் போடுவதற்கு முன்னால் குழந்தையைத் துணியோடு கொண்டுபோய் செவலையின் சீட்டில் ஒரு நிமிடம் கிடத்தி எடுத்ததும் அவர்தான். கிளப்காரர்கள் எல்லோர் வீட்டிலும் அது ஒரு வழக்கம். கோயிலுக்குப் போகுமுன் கேரேஜுக்குப் போகிற ஜாதி அது.

போன ஆடி மாதம் செவலையிலிருந்து வேகம் கசியத் தொடங்கியது.

எண்ணெய் கசிந்தால் கீழே தட்டு வைக்கலாம், தண்ணீர் கசிந்தால் சிமென்ட் பூசலாம், வேகம் கசிந்தால் யாருக்கு என்ன செய்யத் தெரியும்? பூங்கோதை சாயங்காலம் மாவை ஆட்டி வழித்து வைத்துவிட்டுக் கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே மாவு பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி அவள் காலடிக்கு வந்து நின்றது. வெக்கை அதிகம் போல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் கேரேஜ் சுவரை ஒட்டி வைத்திருந்த ஜாதிமல்லிக் கொடி காலையில் மொட்டு விட்டு, மத்தியானம் பூத்து, சாயங்காலம் உதிர்ந்து, இருட்டுவதற்குள் மறுபடியும் மொட்டு விட்டது. அவள் போய் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். சுவர் சூடாகவும் இல்லை, அதிரவும் இல்லை, ஆனால் அவள் கை நகம் அரிசி அளவு வளர்ந்திருந்தது. நகத்தை வெட்டிவிட்டு வந்து சமைத்தாள்.

கொங்கு நாட்டுக்காரர்களிடம் ஒரு அதிசயத்தைக் கொடுத்தால் முதலில் கையெடுத்துக் கும்பிடுவார்கள், அடுத்தபடியாக இதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பார்கள். மூன்றாம் நாள் தெருப் பெண்கள் மாவுப் பாத்திரத்தோடு வந்து கேரேஜ் வாசலில் வரிசையாக நின்றார்கள். பிறகு வாழைக்காய் மண்டிக்காரர் தார்களைக் கொண்டுவந்து சாய்த்து வைத்து, டீ குடித்து முடிப்பதற்குள் பழமாக எடுத்துப் போனார். கட்டடக் கான்ட்ராக்டர் ஒருவர் இருபத்தோரு நாள் தண்ணீர் விட வேண்டிய சிமென்ட் பலகைகளை ஒரு பகலில் காய வைத்தார். கை ஒடிந்தவர்கள் மாவுக்கட்டோடு வந்து உட்கார்ந்து கட்டைப் பிரித்துக்கொண்டு போனார்கள். மீசை முளைக்காத கல்லூரிப் பையன்கள் வந்தார்கள், அவர்களை மட்டும் பூங்கோதை விரட்டிவிட்டாள். பாகப்பிரிவினை வழக்குக்காரர் ஒருவர் தன் கேஸ் கட்டைக் கொண்டுவந்து செவலையின் சக்கரத்துக்கு அடியில் ஒரு வாரம் வைத்திருந்தார், காகிதம் பழுத்து, ஓரம் பொடிந்து, கரையானும் ஏறிவிட்டது, தீர்ப்பு மட்டும் வரவில்லை. கோர்ட்டுக்கு முன்னால் இத்தாலி வண்டி எம்மாத்திரம் என்று தெருவே சிரித்தது.

தெய்வசிகாமணிக்கு இதில் பெருமைதான். "பாத்தியா கோதை, ஓடாம நிக்கறப்பவே இப்படி! ஓடுனா என்னாகும்!" என்றார்.

"அப்ப ஓட்டித்தான் பாருங்களேன் மாமா," என்றாள் அவள்.

"நீயொருத்தி. நாப்பத்தொண்ணுங்கறது நம்பரில்ல அம்மிணி, அது அந்த வண்டியோட கற்பு," என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனார். வண்டிக்குக் கற்பு இருக்கிறது என்று சொல்கிற மனிதரிடம் என்ன பேசுவது?

பக்கத்து வீட்டு வேங்கடபதி, பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி தீரட்டும் என்று தினமும் நாற்காலியைக் கொண்டுவந்து கேரேஜ் சுவரோரம் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். வலி ஒரே நாளில் தீர்ந்தது. இடம் நன்றாயிருக்கிறதென்று வலி தீர்ந்த பிறகும் வந்து உட்கார்ந்தார். ஆவணி முடிவதற்குள் அவர் தலை வெளுத்து, முதுகு வளைந்து, காது அடைத்து, ஒரு நாள் பேப்பரை மடியில் விரித்தபடியே போய்விட்டார். எழுபத்தொரு வயது மனிதரைத் தொண்ணூறு வயது உடம்போடு எடுத்துக்கொண்டு போனார்கள். படுக்கையில் கிடக்காமல் போனார், கொடுத்து வைத்தவர் என்று தெரு சொன்னது. அன்றைக்கும் மாவுப் பாத்திரங்கள் வரிசையில் இருந்தன. பூங்கோதை இழவு வீட்டிலிருந்து திரும்பித் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தபோது, கேரேஜை ஒட்டிய அறையில் தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள், பாதம் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மகிழினிக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. ஆடியில் அவளுக்கு வாங்கிய யூனிஃபார்ம் பாவாடையை ஆவணியில் இரண்டு முறை பிரித்து விட்டாகிவிட்டது. குழந்தைகள் வளர்கிறதுதானே என்று பூங்கோதையும் இருந்துவிட்டாள், ஊருக்கெல்லாம் மாவு புளிக்கிற கவனத்தில் பெற்ற பிள்ளை புளிக்கிறதைப் பார்க்காமல் விட்டோமே என்று இப்போது நெஞ்சில் அறைந்துகொண்டாள். பால் பற்கள் ஒரே வாரத்தில் கொட்டின. பள்ளிக்கூடத்தில் பின்னால் இருக்கிறவர்களுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு முதலில் அது பிடித்திருந்தது. பிறகு கண்ணாமூச்சி ஆட்டத்தில் சேர்க்க மறுத்துவிட்டார்கள், நீ பெரிய அக்கா, எங்கே ஒளிந்தாலும் தெரியும் என்று. அன்று வந்து அம்மா மடியில் படுத்து அழுதாள், மடி போதவில்லை.

பூங்கோதை அன்றே மாவுக்காரர்களையும் பழக்காரர்களையும் துரத்திவிட்டு, மகளை உடுமலைப்பேட்டையில் தன் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டாள். நாலாம் நாள் அக்கா போன் செய்தாள். "ஏம்ப்புள்ள, உம்மக வந்ததுல இருந்து எங்கூட்டுச் செவுத்துச் சுண்ணாம்பெல்லாம் உதுருது. பாத்ரூம் சோப்பு ஒரு நாளைக்குத் தாங்கறதில்ல. புள்ளையும் வளந்துட்டேதான் இருக்குது. வண்டி அங்கிருக்குது, கசிவு இங்க வருதே, இது என்ன கூத்து?" பிறந்த அன்று அந்தச் சீட்டில் கிடத்தினார்களே, அந்த ஒரு நிமிடத்திலேயே பிடித்துக்கொண்டது என்று ஊர் காரணம் சொன்னது. காரணம் எதுவாயிருந்தால் என்ன, வண்டியும் பெண்ணும் ஒரே நூலில் கட்டுண்டு கிடந்தார்கள். பூங்கோதை போய் மகளைத் திரும்பக் கூட்டி வந்தாள். இறங்கும்போது மகிழினி அவள் தோள் வரைக்கும் இருந்தாள்.

இதற்கு மருந்து என்ன என்பதும் ஊர் முழுக்கத் தெரிந்ததுதான். ஓடாமல் அடைத்து வைத்த வேகம் எங்கேயாவது ஓடத்தானே செய்யும், அதை ரோட்டில் ஓட விட்டால் வீட்டில் ஓடாது. பால்காரர் சொன்னார், பூக்காரி சொன்னாள், கரண்ட் கணக்கெடுக்க வந்தவர்கூடச் சொன்னார். தெரியாதவர் போல இருந்தவர் ஒருவர்தான்.

"மார்கழில வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க கோதை. உலகத்துலயே கொறச்சலா ஓடுன வண்டின்னு பாக்கறதுக்கே வர்றாங்க. அது முடியட்டும். தை பொறந்ததும் மொத வேலையா எடுத்துடறேன்."

"தை பொறக்கறதுக்குள்ள நம்ம புள்ள கெழவியாயிரும் மாமா."

"அப்படியெல்லாம் ஆகாது."

"வேங்கடபதி அய்யன் ஆகலீங்களா?"

அவர் துணியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கெட்ட மனிதர் இல்லை அவர், மகள் என்றால் உயிர், இரவில் அவள் அறை வாசலில் போய் நின்றுவிட்டு வருவதைப் பூங்கோதை பார்த்திருக்கிறாள். ஆனால் ஆசை என்று ஒன்று மனிதனைப் பிடித்துக்கொண்டால் கண்ணைக் கட்டாது, கண்ணைத் திறந்து வைத்தே குருடாக்கும். பூங்கோதை சமைக்காமல் இருந்து பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், கடைசியில் மகளின் பழைய கவுன்களையெல்லாம் எடுத்துச் சின்னதிலிருந்து பெரியதாகச் செவலையின் மேலேயே வரிசையாகப் பரப்பி வைத்தாள். போன கோடையில் போட்டது முதல் நேற்றுத் தைத்தது வரை, கண்ணாடி தொடங்கி முன் மூக்கு வரை. அவர் காலையில் துடைக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டுத் துணியைக் கீழே போட்டார்.

"சரி. நாளைக்கு எடுக்கறேன்," என்றார்.

அன்று சாயங்காலம் டாக்டர் சாம்சன் வந்தார். பல் டாக்டர், கிளப்பின் செயலாளர், மூன்று கேரேஜ் வைத்திருக்கிறவர், சாவுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இருவரும் கேரேஜுக்குள் போய் வெகு நேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். வெளியே வரும்போது இரண்டு பேர் முகமும் தெளிந்திருந்தது. பூங்கோதைக்கு அதைக் கண்டு சந்தோஷம், ஆண்கள் முகம் தெளிந்தால் எங்கேயோ ஒரு தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் செவலை ஸ்டாண்டிலிருந்து இறங்கியது. சக்கரம் தரையில் பட்டபோது தெருவே கை தட்டியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, சூடம் எரிந்தது, தெய்வசிகாமணி இடுப்பை மூன்றாக மடித்து உள்ளே போய், பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், பழனி என்று பகலெல்லாம் சுற்றினார். காற்றாலைகளுக்குக் கீழே செவலை போன வேகத்தில் ஆடுகள் மேய மறந்து நின்றதாகச் சொன்னார்கள். ஆனால் வீட்டில் அன்று ஒரு மாதிரியாகவே இருந்தது. கதவுத் திரைச்சீலைகள் தொங்கிக்கொண்டிருந்தபடியே நைந்து கிழிந்தன. ஜாதிமல்லி பட்டுப்போனது, துளிர்த்தது, மறுபடியும் பட்டுப்போனது. மகிழினி சோறு சோறு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒரு குண்டான் சோற்றைத் தின்றுவிட்டுத் தூங்கிப் போனாள். போகிற பேய் கிளையை முறித்துக்கொண்டு போகும் என்பார்களே, அதுவாக இருக்கும் என்று பூங்கோதை மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். ராத்திரி வந்த கணவருக்கு வாசலிலேயே திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

விடிந்தபோது மகிழினி குளியலறைக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எங்கேயோ அடிபட்டுவிட்டது, எங்கே என்று தெரியவில்லை என்றாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது என்னவென்று எப்படிச் சொல்வது? மற்ற தாய்மார்களுக்கு அதைச் சொல்ல ஐந்தாறு வருடம் இருக்கிறது, வார்த்தை தேட, சீர் செய்ய மாமனைக் கூப்பிட, ஓலைக் குடிசை கட்ட. பூங்கோதைக்கு ஒரு ராத்திரிகூட இல்லை. "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல கண்ணு," என்று மட்டும் சொன்னாள். நிமிர்த்தி நிறுத்தியபோது மகளின் கண் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

அவளை உடுத்திப் படுக்க வைத்துவிட்டு நேராகக் கேரேஜுக்குப் போனாள். செவலையின் கதவைத் திறந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தக் கதவை அவள் தொட்டதில்லை. குனிந்து மீட்டரைப் பார்த்தாள். ஒரு பகல் முழுக்க ஓடிய வண்டியில், வந்தவர் போனவருக்கெல்லாம் அவர் ஒப்பித்து ஒப்பித்து அவளுக்கும் மனப்பாடமான அந்த எண் அப்படியே இருந்தது.

"மாமா!"

தெய்வசிகாமணி கைலியோடு ஓடி வந்தார். அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேபிளக் கழட்டிட்டேன்," என்றார். "சாம்சன்தான் சொன்னான். வண்டி வச்சிருக்கறவங்க எல்லாரும் பண்றதுதான் கோதை. கழட்டிட்டா முள்ளும் எந்திரிக்காது, நம்பரும் நவுறாது. வண்டி ஓடுனாச் செரி, மீட்டரும் ஓடோணும்னு என்ன இருக்குது, வேகம் செலவானாப் போதும்னு நெனச்சேன்."

"செலவாச்சுங்களா?"

அவர் மீட்டர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஓடுனத ஓடலைன்னு வெச்சா அது யாரு கணக்குலீங் மாமா ஏறும்?" அவள் குரல் உயரவில்லை. "நேத்து நீங்க ஓட்டுன ஓட்டமெல்லாம் எம்புள்ள மேல ஓடியிருக்குது. போய்ப் பாருங். உங்க மக பெரிய மனுசி ஆயிட்டா. ரெண்டாங்கிளாசுப் புள்ள."

தெய்வசிகாமணி அப்படியே தரையில் உட்கார்ந்தார். பட்டறையில் இரும்புத் துண்டு காலில் விழுந்தபோதுகூட அழாதவர், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். பூங்கோதை தேற்றவில்லை. அழட்டும் என்று நின்றாள். அழுது முடித்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஸ்டீயரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்தார், திருகு கையில் நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு மகிழினி வாசலில் வந்து நின்றதை அவர்கள் கவனிக்கவில்லை. அவள் வந்து குனிந்து, விழுந்த திருகை எடுத்து அப்பா கையில் கொடுத்து, டார்ச்சையும் பிடித்துக்கொண்டாள்.

"நம்பர் மாறுச்சுன்னா என்னாகும்ப்பா?"

"ஒண்ணும் ஆகாது கண்ணு," என்றார் அவர். சொன்ன பிறகுதான், அது எவ்வளவு உண்மை என்று அவருக்கே தெரிந்தது போல ஒரு நிமிடம் கையை நிறுத்தினார். பிறகு முடுக்கினார்.

ஐப்பசி மழையில் செவலை வெளியே போனது. இந்த முறை யாரும் கை தட்டவில்லை. தெரு முனை திரும்புவதற்குள் நாற்பத்தொன்று நாற்பத்திரண்டாகிவிட்டது என்று போன் செய்து சொன்னார், குரல் பிசிறியது. அறுபது வருடத்து வேகம் ஒரு நாளில் தீர்கிற சமாச்சாரமா? சேலம், ஓசூர், ஹூப்ளி, சோலாப்பூர் என்று வடக்கே வடக்கே போனார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை வீட்டில் காற்று அசையாமல் இருந்தது, சுவர்க் கடிகாரத்தின் சத்தம் தூரம் தூரமாகக் கேட்டது, மகிழினி சாதாரணப் பிள்ளைகள் போலப் பசித்துச் சாதாரணப் பிள்ளைகள் போலத் தூங்கினாள். வண்டி நின்றால் தெரிந்துவிடும். சில நாள் விடியற்காலையில் பூங்கோதை மகளின் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன் போடுவாள்.

"தூங்குனீங்களா மாமா?"

"கண்ணு அசந்துட்டேன் கோதை. ஒரு பெட்ரோல் பங்கில. கொஞ்ச நேரந்தான்."

"தெரியுதுங். சடை ஒரு விரக்கடை நீண்டிருக்குது."

அந்தப் பக்கம் எஞ்சின் உறுமும் சத்தம் கேட்கும். மனுசன் தூங்காமல் ஓட்டினால் எங்கேயாவது மோதிச் சாவார், தூங்கினால் மகள் வயது போகும். எதைச் சொல்வது? தூங்காதீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, தூங்குங்கள் என்று சொல்லவும் வரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே வாசல் தெளிப்பாள், அவர் இருமுவது கேட்டால் உயிர் வரும். இப்படி எத்தனை நாள் ஓடியது என்று அவள் எண்ணவில்லை, எண்ணிப் பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

கடைசியில் அவள் சாம்சனுக்குப் போன் செய்தாள். "ஏனுங் டாக்டர், கேபிளைக் கழட்டச் சொல்ல வந்தீங்களே, இப்ப வண்டி ஓட்ட வருவீங்களா?" சாம்சன் அன்றே கிளினிக்கைப் பூட்டிவிட்டு ரயிலேறி நாக்பூரில் போய்ச் செவலையில் ஏறிக்கொண்டார். ஒருவர் ஓட்ட ஒருவர் தூங்கினார். அதன் பிறகு சடை நீளவில்லை. கிளப்பில் பத்துப் பதினைந்து பேருக்கு விஷயம் புரிந்து, அவரவர் கேரேஜில் மூடி வைத்திருந்த போர்வையை எடுத்துப் பார்த்து, அவரவர் பிள்ளைகளின் பாவாடையையும் கால்சட்டையையும் அளந்து பார்த்தார்கள். மறுநாளிலிருந்து அந்த வண்டிகளெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் காய்கறிச் சந்தைக்கும் போகத் தொடங்கின. சுண்டைக்காய் வாங்க ஸ்போர்ட்ஸ் காரில் போகிற ஊர் உலகத்திலேயே அது ஒன்றுதான். மார்கழியில் வந்த வெளிநாட்டுக்காரர்கள் காலியாக நின்ற நாலு ஸ்டாண்டைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

தை பாதியில் செவலை திரும்பியது. அதன் சத்தத்தைப் பூங்கோதை முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, யாரோ பழைய மாவு மெஷினை உருட்டிக்கொண்டு வருவதாக நினைத்தாள். தெருமுனையில் அதை ஒரு சைக்கிள்காரர் தாண்டிப் போனார். முன் மூக்கு நசுங்கி, பெயின்ட் உரிந்து, ஒரு பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது, சாம்சன் முன்னமே இறங்கி வீட்டுக்குப் போயிருந்தார். வண்டி வாசலுக்கு வந்ததும் புகைந்து நின்றது. தெய்வசிகாமணி இறங்கினார், தாடியும் மீசையுமாக, பாதியாக இளைத்து. கேட்டைத் திறக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார்.

"வாங் மாமா," என்றாள் பூங்கோதை.

"பாப்பா எப்படியிருக்குது?"

"தினமும்தான் போன்ல சொன்னனே, நீங்க போனப்ப இருந்த மாதிரியேதான் இருக்குது."

"எம்மனசு நோகக்கூடாதுன்னு நீ பொய் சொல்லியிருப்பே. நெசத்தச் சொல்லிரு கோதை. உன்னவிடப் பெரியவளாயிட்டாளா?"

அவர் கம்பியை விடாமல் பிடித்திருப்பதை அவள் பார்த்தாள். இத்தனை ரோடுகளிலும் இந்த மனுசன் இதை நினைத்துக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் செத்துக்கொண்டே வந்தது.

வீட்டுக்குள்ளிருந்து மகிழினி ஓடி வந்தாள். தாவணி வயதுப் பெண் ஒருத்தி, சரியாகப் பின்னாத இரட்டைச் சடையோடு, கையில் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் போன அன்று இருந்த அதே உயரத்தில். கேட்டைத் திறந்து வெளியே வந்தாள், அப்பாவின் தாடியைப் பார்த்து ஒரு நிமிடம் தயங்கினாள், பிறகு இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

"தூக்குங்ப்பா," என்றாள்.

தெய்வசிகாமணி மகளைப் பார்த்தார், பூங்கோதையைப் பார்த்தார். பிறகு குனிந்து, மகளின் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தூக்கினார். அரைச் சாண்தான் எழுந்தாள், கால்விரல் தரையை விடவில்லை. அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் தலையைச் சாய்த்துக்கொள்ள, அவர் அவளை இறக்காமல், மூச்சிரைக்க, அவளுடைய இரண்டு பாதமும் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டே வர, வாசலிலிருந்து வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார்.